மூளையைக் குளிர வைத்தால் ஸ்ட்ரோக் சுகமாகுமா?



போன எபிசோடில் டேட்டா சென்டர் சேர்வர்களைத் தண்ணியால் குளிர வைப்பது பற்றிக் கதைத்தோம், ஞாபகம் இருக்கும். சூடு கூடினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று சொன்ன இடத்தைக் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி இப்படி எழுதியிருந்தார்: "அண்ணா, இதே மாதிரி மனுச மூளையையும் கூல் பண்ணி ஸ்ட்ரோக் வந்த ஆக்களைக் காப்பாத்தலாமாமே, உண்மையோ?"

எபிசோடில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இந்தக் கிழமைக் கடிதம் முழுக்க அதுக்குத்தான். நான் டொக்டர் இல்லை. கொன்ட்ராக்டில் வேலை செய்யிற ஐடி ஆள். ஆனால் இந்தக் கேள்வியைத் தேடித்தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பை

நாலு வருசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெல்பேர்ணில் எங்கள் வீடு. அம்மம்மாவுக்கு அப்போது 78 வயது. தேத்தண்ணிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "ஒண்டுமில்லை" என்று சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வந்தது வேறு சத்தம்.

அம்மா, "பிரஷர் ஏறியிருக்கும், கொஞ்சம் படுக்கட்டும்" என்றார். எனக்கு இது ஸ்ட்ரோக் என்று விளங்கியது. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? சில மாதங்களுக்கு முன் ஒரு பொட்காஸ்டில், குளிர் மூளையைக் காப்பாற்றும் என்று கேட்டிருந்தேன். ஓடிப்போய் ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றி அம்மம்மாவின் தலையில் வைத்தேன். பிறகு போனில் தேடினேன். பிறகு மாமாவுக்கு எடுத்துக் கேட்டேன். பிறகுதான் 000.

இடையில் போனது 25 நிமிடம்.

அம்மம்மா பிழைத்துவிட்டார். கட்டியைக் குழாய் விட்டு எடுத்தார்கள். இப்போது பொல்லு பிடித்து நடப்பார், வலது கையால் பேனை பிடிக்க முடியாது, என்னைச் சில நேரம் மாமாவின் பெயரில் கூப்பிடுவார். அந்த 25 நிமிடம் அவரிடமிருந்து எதை எடுத்தது என்று எந்த டொக்டராலும் அளந்து சொல்ல முடியாது. நானும் கேட்கவில்லை.

நான் கேட்டிருந்த விசயம் பொய் இல்லை. பாதி உண்மை. மற்றப் பாதி என்ன என்பதுதான் இன்றைய பாடம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஊரில் பாரிசவாதம் என்பார்கள், தமிழ்நாட்டில் பக்கவாதம். இரண்டு வகை உண்டு. ஒன்று, மூளைக்குப் போகிற இரத்தக்குழாயைக் கட்டி அடைப்பது. மற்றது, குழாய் வெடித்து இரத்தம் கசிவது. அடைப்பு வகைதான் கூட. இங்கே நான் சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றி.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் சும்மா இருக்கிற உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதம் அதுக்கே போகிறது. சேமித்து வைக்கிற வசதி கிட்டத்தட்ட இல்லை. யூபிஎஸ் இல்லாத சேர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் அடைபட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களிலேயே சாகும். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசிந்து வருவதால், வேலை செய்யாமல், ஆனால் சாகாமல் கிடக்கும். இதை 'பெனம்ப்ரா' என்கிறார்கள், அரைநிழல் என்று பொருள். ஸ்ட்ரோக் வைத்தியம் எல்லாமே இந்த அரைநிழலைக் காப்பாற்றுகிற ஓட்டம்தான்.

எவ்வளவு அவசரம்? அமெரிக்க நரம்பியல் டொக்டர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைபட்ட சராசரி ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு நிமிடமும் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன. 25 நிமிடத்துக்கு? 4 கோடியே 75 இலட்சம். சராசரிக் கணக்குத்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் இந்தப் பெருக்கலை நான் ஒருக்கால் செய்து பார்த்தபிறகு மறக்கவில்லை.

குளிர் ஏன் உதவ வேண்டும்?

உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் சக்தித் தேவை ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறையும். 37இலிருந்து 33க்கு இறக்கினால் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. இரத்தம் குறைவாக வருகிற நேரத்தில் தேவையும் குறைந்தால் அரைநிழல் கொஞ்சம் கூட நேரம் தாங்கும். சிப்பின் வேகத்தைக் குறைத்து பட்டரியை இழுத்துப் பிடிப்பது போல.

அதோடு இன்னும் சில நன்மைகள். ஒக்சிசன் கிடைக்காத கலங்கள் குளுட்டமேட் என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டி அக்கம்பக்கத்துக் கலங்களையும் கொல்லும். குளிர் அதைக் குறைக்கும். அழற்சியும் வீக்கமும் குறையும். பல மருந்துகள் ஒரு வழியை மட்டும் அடைக்கப் பார்க்கும். குளிர் பல வழிகளில் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

மிருகங்களில் இது அழகாக வேலை செய்தது. 2007இல் அதுவரை வந்த நூற்றுக்கும் மேற்பட்ட மிருக ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, குளிர வைத்த மிருகங்களில் மூளையின் செத்த பகுதி சராசரியாக 44 சதவீதம் சிறிதாக இருந்தது.

அடுத்தது நான் பொட்காஸ்டில் கேட்ட கதை. 1999 மே மாதம், நோர்வேயின் நார்விக் நகருக்குப் பக்கத்தில் அன்னா போகென்ஹோம் என்ற சுவீடன் டொக்டர் பனிச்சறுக்கும்போது தவறி, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்குக் கீழே 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது. இதயம் நின்றுவிட்டது. ட்ரோம்சோ ஆஸ்பத்திரியில் அவரைச் சூடாக்கி உயிரோடு மீட்டார்கள். பிறகு டொக்டராகவே வேலைக்கும் திரும்பினார்.

நான் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் இதில் இருக்கிறது. பனிக்கட்டிக்குக் கீழே ஒரு காற்றுப் பை கிடைத்ததால் அவர் ஏறத்தாழ 40 நிமிடம் மூச்சோடு இருந்தார். அதாவது இதயம் நிற்க முதலே அவருடைய மூளை குளிர்ந்துவிட்டது. ஸ்ட்ரோக்கில் முதலில் இரத்தம் நிற்கிறது, பிறகுதான் நாங்கள் ஐஸ் தேடுகிறோம். வரிசை தலைகீழ்.

ஆஸ்பத்திரிகளில் குளிர் வந்த பாதை

2002இல் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒன்று ஐரோப்பாவில், மற்றது எங்கள் மெல்பேர்ணில். இதயம் நின்று மீட்கப்பட்டு, மயக்கத்தில் இருந்தவர்களை ஏறத்தாழ 33 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். ஐரோப்பிய ஆய்வில் நல்லபடி தேறியவர்கள் 55 சதவீதம். குளிர வைக்காதவர்களில் 39. மெல்பேர்ணில் 49க்கு 26. உலகம் முழுக்க தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைப் பின்பற்றத் தொடங்கின.

பிறகு 2021இல் 1,900 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு. ஒரு பக்கம் 33 டிகிரி. மற்றப் பக்கம் குளிர வைக்காமல், காய்ச்சல் மட்டும் வராமல் கவனமாகப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50 சதவீதமும் 48 சதவீதமும். வித்தியாசமே இல்லை. 2002இல் உதவியது குளிரா, அல்லது காய்ச்சலைத் தடுத்ததா என்ற கேள்வி அதோடு பெரிதாகிவிட்டது. இந்தக் கேள்வியைப் பிடித்து வைத்திருங்கள், திரும்ப வரும்.

இன்னொன்று எங்களுக்குக் கிட்டவான கதை. பிறக்கும்போது ஒக்சிசன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை, பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் 33.5 டிகிரியில் வைத்தால் பலன் உண்டு. பணக்கார நாடுகளில் இது இப்போது வழமையான சிகிச்சை. அதே வெப்பநிலை, அதே 72 மணித்தியாலம் என்று இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2021இல் முடிவு வந்தது. குளிர வைத்த குழந்தைகளில் இறந்தவை 42 சதவீதம், மற்றவற்றில் 31. உதவவில்லை, மரணம் கூடியது. ஓரிடத்தில் வேலை செய்த கோட் இன்னொரு இடத்து சிஸ்டத்தில் அப்படியே ஓடாது என்பது எங்களுக்குத் தெரிந்த விசயம். இங்கே அதன் விலை குழந்தைகளின் உயிர்.

பெரிய ஸ்ட்ரோக்கில் செய்து பார்த்தபோது

பெரிய குழாய் அடைபட்டு ஒரு பக்க மூளையின் பெரும்பகுதி செத்தால், இரண்டு மூன்று நாளில் அது வீங்கும். மண்டையோடு மூடின பெட்டி, வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறி மிச்ச மூளையையும் நசுக்கும். இந்த வகையில் தீவிர சிகிச்சை கொடுத்தும் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இறந்தார்கள்.

1998இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் இப்படிப்பட்ட 25 பேரை 33 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தார்கள். 14 பேர் பிழைத்தார்கள். 80 சதவீத மரணம் 44 ஆகக் குறைந்த மாதிரித் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 10 பேருக்கு நிமோனியா. இறந்தவர்களில் பலருக்கு நடந்தது இன்னும் கவலையானது: குளிரில் அடங்கியிருந்த அழுத்தம், திரும்பச் சூடாக்கும்போது ஏறியது.

அதற்குள் வேறு வழி நிரூபிக்கப்பட்டது. மண்டையோட்டின் ஒரு துண்டைத் தற்காலிகமாக எடுத்து, வீங்க இடம் கொடுக்கிற ஒப்பரேசன். 2007இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணித்தியாலத்துக்குள் செய்தால் பிழைத்தவர்கள் 78 சதவீதம், செய்யாதவர்களில் 29.

சரி, இந்த ஒப்பரேசனோடு குளிரையும் சேர்த்தால்? ஜெர்மனியில் 50 பேரை வைத்துப் பார்த்தார்கள். குளிர வைத்த குழுவில் கடும் பக்கவிளைவுகள் கூடியதால் ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். 2019இல் வெளிவந்த முடிவு: பலன் தெரியவில்லை.

அதே வருசம் இன்னொரு ஐரோப்பிய ஆய்வின் முடிவும் வந்தது. ஸ்ட்ரோக் வந்து சில மணித்தியாலத்துக்குள், சுயநினைவோடு இருப்பவர்களை 34 அல்லது 35 டிகிரிக்கு இறக்குவது திட்டம். 1,500 பேர் வேண்டும் என்று தொடங்கி, 98 பேரோடு நின்றுவிட்டது. ஆள் சேர்வது மெதுவாக இருந்தது, காசும் முடிந்தது. குளிர வைத்த 49 பேரில் குறித்த வெப்பநிலையை எட்டியவர்கள் 15 பேர் மட்டும்.

இந்த 15ஐ யோசித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்களிடம் மருந்து உள்ளேயே போகவில்லை என்ற மாதிரி.

எங்கே சறுக்குகிறது?

ஒன்று, நடுக்கம். உடம்பு 37ஐ விடாமல் காக்கிற தெர்மோஸ்டாட். ஏறத்தாழ 35.5க்கு இறங்கினதும் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் சூட்டையும் ஒக்சிசன் செலவையும் கூட்டும். நாங்கள் குறைக்க வந்தது அதையேதான். நடுக்கத்தை அடக்க பெத்திடீன் போன்ற மருந்து கொடுத்து, வெளியே சூடான போர்வையும் போர்த்துவார்கள். இரத்தக்குழாய்க்கு உள்ளே குளிர், தோலுக்கு மேலே சூடு.

இரண்டு, நிமோனியா. அந்த மருந்துகள் ஆளை மயங்கப் பண்ணும். ஸ்ட்ரோக்கால் ஏற்கனவே விழுங்கல் பழுது. எச்சில் நுரையீரலுக்குள் போகும். குளிர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும்.

மூன்று, திரும்பச் சூடாக்குவது. வேகமாகச் செய்தால் மூளை அழுத்தம் ஏறும். மிக மெதுவாக, மணித்தியாலக் கணக்கில் செய்ய வேண்டும்.

நாலு, நேரம். ஒரு முழு மனிதனை 33க்கு இறக்க மணித்தியாலங்கள் போகும். அதற்குள் அரைநிழல் சுருங்கிவிடும்.

இப்போது என் பட்டாணிப் பைக்கு வருவோம். தலைமயிர், தோல், எலும்பு எல்லாம் தாண்டி, பிறகு 37 டிகிரி இரத்தம் ஒவ்வொரு நிமிடமும் முக்கால் லீட்டர் அளவில் ஓடுகிற மூளை. ரேக்குக்குள் சூடு கொதிக்கும்போது வெளிக்கதவில் ஐஸ் ஒட்டினேன். அவ்வளவுதான்.

கதவு மூடிவிட்டதா? இல்லை. 2015இல் ஐந்து ஆய்வுகள், அதில் ஒன்று மெல்பேர்ணிலிருந்து, கட்டியைக் குழாய் விட்டு எடுப்பது நல்ல பலன் தரும் என்று நிரூபித்தன. அந்தக் குழாய் ஏற்கனவே பாதிக்கப்பட்ட இடம் வரை போகிறதே, அதன் வழியாகவே குளிர் விட்டால் என்ன? பெய்ஜிங்கில் 26 பேருக்கு 4 டிகிரியில் 350 மில்லிலீட்டர் உப்பு நீர் இப்படி விட்டுப் பார்த்தார்கள். அந்த இடம் குளிர்ந்தது, முழு உடம்பு பெரிதாகக் குளிரவில்லை. அறையை விட்டு சிப்பை மட்டும் குளிர வைக்கிற யோசனை. செய்ய முடியும் என்று காட்டிய சின்ன ஆய்வுதான். வழமையான சிகிச்சை ஆக இன்னும் தூரம் இருக்கிறது.

மிச்சம் இருப்பது: காய்ச்சல்

பிடித்து வைத்திருக்கச் சொன்ன கேள்வி இது. 1996இல் கோபன்ஹேகனில் 390 ஸ்ட்ரோக் நோயாளிகளைப் பார்த்தபோது, வந்து சேரும்போது உடல் வெப்பம் 1 டிகிரி கூட இருந்தவர்களுக்கு மோசமான முடிவின் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். குளிர் உதவுமோ இல்லையோ, சூடு நல்லதில்லை.

2011இல் சிட்னி உட்பட நியூ சவுத் வேல்ஸின் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் ஒரு ஆய்வு. புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை. தாதிமாருக்கு மூன்று விசயத்தில் பயிற்சி: காய்ச்சலை உடனே பிடித்துப் பரசிட்டமோல் கொடு, சீனியைக் கட்டுப்படுத்து, விழுங்க முடியுமா என்று சோதிக்காமல் எதையும் வாயில் கொடுக்காதே. மூன்று மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரில் தங்கி வாழ்பவர்கள் 42 சதவீதம். பயிற்சி இல்லாத இடங்களில் 58.

இதிலும் ஒரு எச்சரிக்கை. 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வில் மெஷின் வைத்து 37 டிகிரியிலேயே வைத்திருந்தார்கள். காய்ச்சல் பாதியாகக் குறைந்தது; ஆனால் ஆட்கள் தேறியதில் வித்தியாசம் தெரியவில்லை. சிட்னியில் உதவியது மூன்றும் சேர்ந்த கவனிப்பு. பட்டாணிப் பையைப் போலப் பிறகு கதை சொல்ல நல்லாயிராது. வேலை செய்தது அதுதான்.

உங்களுக்கு ஏன் இது?

உங்களில் பலர் அம்மம்மா, அப்பப்பா இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள். வீட்டில் போன் எடுத்து ஆங்கிலத்தில் கதைக்கிற ஆள் நீங்கள்தான். அதனால் இந்த ஐந்தையும் ஞாபகம் வையுங்கோ.

1. முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலே போன். அவுஸ்திரேலியா 000, பிரித்தானியா 999, கனடா 911, ஐரோப்பா 112. "ஸ்ட்ரோக் என்று நினைக்கிறேன்" என்ற சொல்லை முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ.

2. கடைசியாக நல்லாய் இருந்த நேரத்தை எழுதி வையுங்கோ. எப்போது விழுந்தார் என்பதை விட, கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்பதுதான் கேள்வி. சில சிகிச்சைகள் அந்த நேரத்தை வைத்துத்தான்.

3. பேச்சைத் தமிழில் சோதியுங்கோ. அம்புலன்ஸில் வந்தவர் அம்மம்மாவிடம் ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர் பேசாமல் இருந்தார். ஆங்கிலம் தெரியாததாலா, பேச முடியாததாலா? நான் குனிந்து, "அம்மம்மா, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு சொல்லுங்கோ" என்றேன். "இண்டை" வரைதான் வந்தது. அதை மொழிபெயர்த்துச் சொன்னதுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை.

4. வாயில் எதுவும் கொடுக்காதையுங்கோ. தண்ணி, தேத்தண்ணி, பனடோல், ஒன்றும் வேண்டாம். அஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது.

5. ஐஸ் வைக்காதையுங்கோ. மாமாவுக்குப் பிறகு எடுக்கலாம்.

இன்றைக்கு ஒரு வீட்டுப்பாடம், இரண்டு நிமிடம் போதும். வீட்டில் இருக்கிற மூத்தவர் எடுக்கிற மருந்துகளின் பெயர்களைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கோ, முக்கியமாக இரத்தத்தை ஐதாக்குகிற மருந்து இருந்தால். டொக்டர் முதலில் கேட்கிற கேள்விகளில் அது ஒன்று. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த எபிசோடில் திரும்ப சேர்வர் பக்கம் போவோம். அம்மம்மா இப்போது எனக்குப் பக்கத்தில் இருந்து, இடது கையால் தேத்தண்ணி குடிக்கிறார். யாருக்கு இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று கேட்டார். உங்களுக்கு என்று சொன்னேன்.

அன்போடு,
உங்கள் அண்ணா